ஆலைக்கு இடம் குறிக்கும் முன் தண்ணீருக்கு வழி குறியுங்கள்

எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் சென்னைப் பெருநகரின் மூன்றாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாராகி வருகிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த எல்லையை 2022-இல் 5,904 ஆக விரித்தார்கள்; அரக்கோணம் வரை போகிறது. நான் இதை ஆதரிக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஒரகடத்து ஆலைகளுக்கு ஒரு திட்டம், அந்தப் பக்கத்து மழைநீர் வந்து சேரும் ஊர்களுக்கு வேறொரு திட்டம் என்று இருந்தால் விளங்காது.

2015 வெள்ளத்தில் எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைத்தான் பேசினோம். அதன் உபரிநீர் அடையாற்றில் கலப்பதே திருநீர்மலைப் பக்கம். அந்த வெள்ளத்தில் மூழ்கிய, தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர் ஆற்றின் போக்கில் அதற்கும் மேலே இருக்கிறது. முடிச்சூரை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். ஒரு ஏரி நிறைந்தால் அடுத்ததற்குப் போகும்படி நம் முன்னோர் அமைத்த சங்கிலி அது.

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையிலிருந்து உள்ளே ஒரு ஏரிக்குப் போயிருந்தேன். ஏரி நிறைந்தால் உபரிநீர் வழியும் கலங்கல் இன்னும் கல் பெயராமல் உறுதியாக நிற்கிறது. அதிலிருந்து இறங்கும் போக்குக்கால்வாய் கொஞ்ச தூரத்தில் ஒரு குடோன் மதிலில் போய் முட்டுகிறது. மதிலுக்கு அடியில் ஒரே ஒரு சிமெண்ட் குழாய், அதிலும் பாதி மண். அந்த குடோன் எல்லா அனுமதியும் வாங்கியே கட்டப்பட்டிருக்கலாம். என் பயமே அதுதான். நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் தொழிற்சாலைப் பகுதி என்று வண்ணம் பூசும்போது கால்வாயைப் பார்க்காமல் விட்டால், பிறகு எந்த அதிகாரி வந்து என்ன செய்ய முடியும்?

ஆலைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அவற்றால்தான். ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி 1998-லேயே தொடங்கிவிட்டது. ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் விடுதி திறந்தது 2024-இல். இடைப்பட்ட காலமெல்லாம் தொழிலாளிகள் ஒரே அறையில் பலராக நெருக்கியடித்துக் கிடந்தார்கள்.

ஏரி, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய், போக்குக்கால்வாய் எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு முதலில் வரைபடத்தில் ஏற்றுங்கள். அடுத்து தொழிலாளர் குடியிருப்பும் பேருந்தும். ஆலைக்கான இடத்தை அதன்பிறகு குறியுங்கள். நீர்நிலை உள்ள நிலத்தையும் பெருந்திட்டங்களுக்குச் சேர்த்துக் கொடுக்க வழிசெய்யும் 2023-ஆம் ஆண்டு நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைத் திரும்பப் பெறுங்கள்.

வரைவுத் திட்டம் கருத்துக்கேட்புக்கு வரும்போது உங்கள் ஊர்க் கால்வாயின் சர்வே எண்ணை எழுதி மனு கொடுங்கள். அந்த சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடமான புலப்படத்தின் நகலையும் கூடவே வையுங்கள்.