உட்கார்ந்து சாப்பிட ஒரு பெஞ்சு

கும்பகோணத்தில் அப்பா கடைசி ஆறு வருடம் சாப்பிட்ட மெஸ், அடுத்த மாதத்திலிருந்து பார்சல் மட்டும்தானாம். மேசை, பெஞ்சு எல்லாவற்றையும் எடுத்துவிடப் போகிறார்கள். கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

அம்மா போன பிறகு அப்பா தனியாகத்தான் இருந்தார். திருப்பூருக்கு எங்களோடு வரச் சொன்னேன், வரவில்லை. மூன்று வேளையும் அந்த மெஸ்தான். மாதம் பிறந்ததும் பணம் கட்டி டோக்கன் வாங்கிக்கொள்வார். வாசலைப் பார்த்த பெஞ்சில் சுவரோரம் அவர் இடம். அப்பா இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து முடிக்கும்வரை பரிமாறும் அண்ணன் வாளியோடு நிற்பார். சர்க்கரை வியாதி என்று தெரிந்து, காபியில் சீனியே போடாமல் கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமை கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வெந்து, தேங்காய் அரைத்துவிட்டு, சோம்பு மணக்கும். அன்றைக்கு மட்டும் அப்பா மூணாவது இட்லி கேட்பார்.

ஒருநாள் காலை எட்டரை ஆகியும் அப்பா வரவில்லை. அந்த அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார். அப்பா குளியலறையில் விழுந்து, எழ முடியாமல் கிடந்திருக்கிறார். எனக்குப் போன் வந்தபோது அவரை ஆட்டோவில் ஏற்றியாகிவிட்டது. நான் வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. அப்புறம் மூன்று வருடம் இருந்தார். அந்த மூன்று வருடம் மெஸ் கொடுத்தது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

டெல்டாவில் எங்கள் தெரு மாதிரி எத்தனையோ தெருக்கள். பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், சிங்கப்பூரில். வீட்டில் ஒரே ஒரு பெரியவர். அவர் முகத்தைத் தினம் பார்க்கவும், ஒருநாள் காணவில்லை என்றால் ஏன் என்று கேட்கவும் ஓர் ஆள் வேண்டும். பார்சல் கொண்டுவரும் தம்பி கதவில் மாட்டிவிட்டு ஓட வேண்டியவர். அவர் பிழைப்பு அப்படி, அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்பாவுக்கு உட்கார்ந்து சாப்பிடுவதில் இன்னொரு கணக்கும் இருந்தது. தாத்தா திருத்துறைப்பூண்டி பக்கத்துப் பண்ணையாள். டீக்கடைக்கு வெளியே நின்று கொட்டாங்குச்சியில் டீ குடித்தவர். 1940களில் பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் விவசாயிகள் சங்கம் கட்டி, சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால் தண்டனையையும் சவுக்கடியையும் எதிர்த்து நின்ற மண் இது. அதற்கப்புறமும் டீக்கடையில் சாதி பார்த்துத் தனிக் குவளை கொடுப்பது பல ஊர்களில் போகவில்லை. நகரத்து ஓட்டல்களும் சளைத்தவையல்ல. ‘பிராமணாள்’ என்று போர்டு மாட்டியிருந்ததை எதிர்த்து 1957-ல் பெரியார் சென்னையில் போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. அப்பா கும்பகோணத்தில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் ஓட்டலுக்குப் போய் டபராவில் காபி குடித்தாராம். “எங்கப்பன் நின்னு குடிச்சாரு, நான் உக்காந்து குடிச்சேன் பாப்பா” என்பார். 2020 ஊரடங்கில் பார்சல் மட்டும் என்று ஆனபோது பாதி வயிறுதான் சாப்பிட்டார். திரும்பப் பெஞ்சு போட்ட அன்றைக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாராம்.

யாரையும் கேட்காமல், யார் பக்கத்திலும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது சும்மா வந்ததில்லை. அதை இவ்வளவு சுலபமாக விட்டுவிடக் கூடாது. எங்கள் அம்மாவுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. ஆயுசுக்கும் ஒருமுறைகூட அவர் தனியாக ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பெண்கள் தயங்காமல் வந்து உட்காரும் மெஸ் ஊருக்கு நாலு வேண்டும் என்கிறேன், இருப்பதையும் மூடுகிறோம்.

ஏசி போட்ட புது உணவகங்கள் வரட்டும், மந்தி பிரியாணி விற்கட்டும், பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிடுகிறார்கள். ஆனால் அங்கே தனியாக வரும் பெரியவருக்கு இடம் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் நாலு பேர் மேசை என்று சொல்லி அப்பாவை எழுப்பிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். 2013-ல் சென்னையில் ஒரு ரூபாய் இட்லியோடு அம்மா உணவகம் தொடங்கியது பெரிய விஷயம். நான் போன சிலவற்றில் நின்றுதான் சாப்பிட வேண்டியிருந்தது. முட்டி வலிக்கும் வயதில் அது எப்படி முடியும்? கும்பகோணம் 2021-லேயே மாநகராட்சி ஆகிவிட்டது. இந்த மாதிரி இடங்களில் சாய்மானத்தோடு பெஞ்சு போடுவது மாநகராட்சிக்குப் பெரிய செலவா?

மெஸ்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சிலிண்டர் விலை, கடை வாடகை, பரிமாற ஆள் கிடைக்காதது எல்லாவற்றையும் உட்காரவைத்துச் சொன்னார். “ரெண்டு பெஞ்சை மட்டும் விட்டு வைங்கண்ணே, ஆறு மாசத்துக்கு நாலு பேரோட டோக்கன் பணத்தை நான் முன்னாலயே கட்டிடறேன்” என்றேன். யோசித்துவிட்டு, “சுவரோரம் இருக்கறதையா பாப்பா?” என்று கேட்டார்.