சக்கர நாற்காலி கொடுத்த பிறகு அந்த வீட்டுக்கு யார் போகிறார்?

ஆண்டுதோறும் டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளன்று, முகநூலில் ஒரே மாதிரியான படங்கள் வரிசை கட்டுகின்றன: பந்தல், பேனர், சால்வை போர்த்திய விருந்தினர், முன்வரிசையில் பளபளக்கும் மூன்று சக்கர வண்டிகள். கொடுப்பவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும், சென்னையில் பல ஆண்டுகளாக இயன்முறை மருத்துவத்தில் இருப்பதால், அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் வண்டி போய்ச் சேர்ந்த வீட்டுக்கு அதன்பின் யாராவது போகிறார்களா என்ற கேள்வி எழுகிறது. டயர் பஞ்சரானாலோ, இருக்கையின் அளவு பொருந்தாமல் உட்காருமிடத்தில் புண் வந்தாலோ யாரிடம் சொல்வது? கேட்க ஆளில்லாத வீட்டில் அது சில மாதங்களிலேயே துணி காயப்போடும் சட்டமாகிவிடுகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் நூற்றுக்கு 69 பேர் கிராமங்களில் வாழ்கிறார்கள். சிகிச்சை தெரிந்த நாங்களோ பெரும்பாலும் நகரங்களில் இருக்கிறோம். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து, மூளை முடக்குவாதம் (மூளை பாதிப்பால் கை கால் அசைவுகள் கட்டுப்படாத நிலை) உள்ள நான்கு வயதுக் குழந்தையை இடுப்பில் சுமந்து, இரவுப் பேருந்தில் ஏறி, விடியுமுன் கிளாம்பாக்கத்தில் இறங்கி, மாநகரப் பேருந்து மாறி வந்து சேரும் தாய்க்கு நாங்கள் கொடுப்பது முக்கால் மணி நேரப் பயிற்சி. அதற்காக அவர் அன்றைய கூலியை இழக்கிறார். பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் செலவழிக்கிறார். மூத்த பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறார். இரண்டு மூன்று முறைக்குப் பின் அவர் வராமல் போனால், ‘தொடர் சிகிச்சைக்கு வரவில்லை’ என்று கோப்பில் எழுதி மூடிவிடுவது எங்கள் துறையின் வழக்கம். தவறியவர் அவர்தான் என்பது போன்ற அந்தக் குறிப்பு எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது.

இதற்கான மாற்றுவழியை இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை. அடிப்படை மருத்துவம் மக்களின் இருப்பிடத்துக்கே செல்லவேண்டும் என்று 1978ஆம் ஆண்டு அல்மா-ஆட்டா நகரில் கூடிய சர்வதேச சுகாதார மாநாடு அறிவித்ததைத் தொடர்ந்து, சமூகம் சார்ந்த மறுவாழ்வு என்ற முறையை உலக சுகாதார நிறுவனம் முன்வைத்தது. 2010இல் வெளியான வழிகாட்டி, மருத்துவத்தோடு நிற்காமல் கல்வி, வாழ்வாதாரம், சமூக வாழ்க்கை, அதிகாரம் பெறுதல் ஆகியவற்றையும் இதே பணிக்குள் கொண்டுவந்தது. கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும், நடைமுறையில் இதற்கு அச்சாணி ஒருவர்தான்: அதே வட்டாரத்தைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற, வாரந்தோறும் வீடு தேடி வரும் பணியாளர்.

அவருடைய வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. குழந்தையை மடியில் மல்லாக்கக் கிடத்திச் சோறூட்டும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு அப்படி ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும்; புரையேறும், அடிக்கடி நிமோனியா வரும். நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைச் சற்றே முன்தாழ்த்தி, மசித்த சோற்றைச் சிறு கரண்டியால் கொடுக்கும் விதத்தைச் சொல்லித்தரக் கட்டடம் எதுவும் வேண்டாம். அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் பொறுமையாக உட்கார ஓர் ஆள் வேண்டும். வாசலில் சவுக்குக் கழிகளை நட்டு, இருபுறமும் கைப்பிடி கட்டி நடை பழக்கலாம். ஊர் ஆசாரி செய்யும் நடைவண்டியையே கொஞ்சம் உயரமாக, கவிழாதபடி அடிச்சட்டத்தை அகலமாக்கிச் செய்யச் சொன்னால், ஏழு வயதுப் பிள்ளையும் அதைப் பிடித்து நடக்கலாம். நான் சென்னையிலிருந்து எழுதித்தரும் சீட்டால் இதெல்லாம் ஆகாது. அந்த வீட்டின் வாசற்படி எவ்வளவு உயரம், கழிப்பறைக்கு எப்படிப் போகவேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

இந்த முறையைக் கண்ணை மூடிக்கொண்டு புகழவும் நான் தயாரில்லை. ‘சமூகம் பார்த்துக்கொள்ளும்’ என்று எழுதிவைத்துவிட்டுப் பணம் ஒதுக்காமல் விட்டால், சமூகம் என்பது தாய் ஒருத்தியாகச் சுருங்கிவிடும். ஊர் என்பதும் ஒன்றாக இருப்பதில்லை. பயிற்சி மையம் ஊர்த்தெருவில் இருந்தால் காலனிப் பிள்ளை அங்கே வருமா என்பதைத் திட்டம் போடுபவர்கள் முதலிலேயே கேட்டாகவேண்டும். நகர மருத்துவமனையும் தேவைதான். பாதம் வளைந்து பிறக்கும் குழந்தைக்கு வாரம் ஒருமுறை மாவுக்கட்டு மாற்றிச் சரிசெய்யும் பொன்செட்டி முறையைப் பழகியவர்களிடம்தான் கொண்டுபோக வேண்டும். ஆனால் கட்டுகள் முடிந்தபின், முதல் மூன்று மாதம் ஏறத்தாழ நாள் முழுதும், பிறகு ஏறத்தாழ நான்கு வயது வரை தூங்கும்போதும் மாட்டிவிட வேண்டிய, இரு காலணிகளைச் சட்டத்தால் இணைத்த காலணிப் பட்டை இருக்கிறதே, அதைக் குழந்தை அழுகிறது என்று வீட்டார் கழற்றிவிட்டால் பாதம் மீண்டும் வளைந்துவிடும். அந்த அழுகைக் காலத்தில் வீட்டில் வந்து தைரியம் சொல்பவர் பாதிச் சிகிச்சையைச் செய்கிறார் என்பேன்.

தமிழ்நாட்டுக்கு இது அந்நியமானதும் அல்ல. கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையில் எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், தென்காசி பக்கத்து ஆய்க்குடியிலிருந்தபடியே சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குச் சென்று இந்த வேலையைச் செய்துவருகிறது. மாநில அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுசென்றது. உலக வங்கிக் கடனுதவியுடன், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில அரசின் ‘உரிமைகள்’ திட்டமும் நடக்கிறது. இவை எல்லாம் நல்லவை. என் கவலை, வீட்டுக்குப் போகும் அந்தப் பணியாளரைப் பற்றியது. கடனில் நடக்கும் திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு; மூளை முடக்குவாதத்துக்கு இல்லை. ஒப்பந்தம் முடிந்து அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், அந்தக் குழந்தை எப்படி உட்காரும், எதைச் சாப்பிடும் என்ற அறிவும் அவரோடு போய்விடும். புதிய கட்டடமும் புதிய உபகரணமும் வாங்குவதற்கு முன், நிரந்தரப் பணியிடங்களுக்குத்தான் பணம் ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் உள்ளாட்சிச் சட்டங்களில் செய்த திருத்தத்தால், கிராம ஊராட்சிகளில் மட்டும் 12,000க்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக வழி பிறந்திருக்கிறது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. கடந்த இரண்டு மாதங்களில் பணியாளர் எத்தனை வீடுகளுக்குப் போனார், எந்தத் தெருக்கள் விடுபட்டன, ஏன் விடுபட்டன என்ற பதிவேட்டை அந்த உறுப்பினர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டு வாங்கவேண்டும். அந்தப் பணியிடம் காலியாக இருந்தால், நிரந்தரமாக நிரப்பக் கோரித் தீர்மானம் போட்டு, நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.