தண்டனையைக் கூட்டிப் போட நீங்கள் யார்?

இந்த வாரம் முழுக்க நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்பெல்லாம், செம்மரக் கடத்தல் வழக்கில் ஒருத்தனுக்கு மூன்று குற்றத்துக்கு மூன்று தண்டனை கொடுத்த தீர்ப்புதான். ஒருத்தர் "5, 5, 3, மொத்தம் 13 வருஷம், ஒழிஞ்சான்" என்கிறார். தீர்ப்பில் "ஏக காலத்தில்", அதாவது மூன்றும் ஒரே நேரத்தில் ஓடி 5 வருஷத்தில் முடியும் என்று எழுதியிருப்பதை யாரோ காட்டியதும், "ஜட்ஜுக்குக் காசு போயிருக்கும்" என்கிறார் இன்னொருத்தர். அதற்கு அறுபது பேர் கைதட்டுகிறார்கள்.

தண்டனைகள் ஒரே நேரத்திலா, ஒன்றன்பின் ஒன்றா என்று முடிவு செய்வது நீதிபதி. போலீஸ் இல்லை, ஜெயில் சூப்பிரண்டெண்ட் இல்லை, நீங்களும் இல்லை. தீர்ப்பில் இருப்பதைத்தான் ஜெயிலில் கணக்குப் போட முடியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 31-வது பிரிவில், ஒரே வழக்கில் பல தண்டனை வந்து நீதிபதி எதுவும் சொல்லாவிட்டால் தண்டனைகள் ஒன்று முடிந்து அடுத்தது என்று ஓடும். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டத்தின் 25-வது பிரிவு, குற்றத்தின் தன்மையைப் பார்த்து ஏக காலமா, அடுத்தடுத்தா என்று நீதிபதி சொல்லியே ஆகவேண்டும் என்கிறது. சட்டம் கொடுத்த வேலையைச் செய்தவர் மேல் லஞ்சப் பழியா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். என் அத்தை மகனுக்கு இரண்டு கோர்ட்டில் இரண்டு வழக்கு. முதல் தண்டனையில் உள்ளே இருக்கும்போதே இரண்டாவது தீர்ப்பு வந்தது. ஏற்கெனவே தண்டனையில் இருக்கிறான் என்று வக்கீல் நீதிபதியிடம் எடுத்துச் சொல்லவேயில்லை. தீர்ப்பிலும் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. இப்படித் தனித்தனி வழக்காக இருந்து, தீர்ப்பில் எதுவும் சொல்லாவிட்டால், முதலாவது முடிந்த பிறகுதான் இரண்டாவது தொடங்கும், சட்டமே அப்படி. மாமாவுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. பிள்ளை வெளியே வரும் நாள் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்த நாளில்தான், இன்னொரு தண்டனை அன்றைக்குத்தான் தொடங்குகிறது என்று தெரிந்தது. அமராவதி ஹைகோர்ட்டுக்குப் போக அவர் கையில் காசு இல்லை.

"கொலைகாரனுக்கும் ஏக காலமா?" என்பார்கள். வேண்டாம் என்று நினைத்தால் நீதிபதி அடுத்தடுத்து என்று எழுதட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இரண்டு ஆயுள் தண்டனையை அப்படி அடுக்க முடியாது என்று 2016-லேயே முத்துராமலிங்கம் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. மனிதனுக்கு இருப்பது ஒரு ஆயுள்தானே.

"கடத்தல்காரனுக்கு வக்காலத்தா?" என்பார்கள். இதுதான் வலிக்கிறது. சேஷாசலம் காட்டில் பிடிபடுகிறவன் யார்? ஜவ்வாது மலையிலிருந்து கூலிக்கு வந்தவன். மரத்தை வாங்கி விற்பவன் பேர் எந்த எஃப்.ஐ.ஆரில் வருகிறது? 2015 ஏப்ரலில் அந்தக் காட்டில் போலீஸ் இருபது பேரைச் சுட்டுக் கொன்றபோதும் இதே வாய்கள்தான் "திருடனுக்கு என்ன பரிவு" என்றன. கூலிக்காரன்மேல் ஐந்தாறு வழக்கைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தண்டனை வந்து, ஒரு வரி எழுதாமல் விட்டால் அவன் வாலிபமே போய்விடும். உத்தரப்பிரதேசத்தில் இக்ராம் என்பவருக்கு அதுதான் நடந்தது. மின்சாரத் துறைச் சாமான் திருட்டு, ஒன்பது வழக்கு, ஒவ்வொன்றிலும் இரண்டு வருஷம். கூட்டினால் 18 வருஷம்! ஹைகோர்ட்டே கைவிட்ட பிறகு, 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம்தான் விடுவித்தது. அவருக்கு டெல்லிவரை ஆள் கிடைத்தது. எங்கள் மாமாவுக்கு யார் இருக்கிறார்கள்?

உங்கள் வீட்டில் யாராவது இப்படி உள்ளே இருந்தால், இன்றைக்கே தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். தெலுங்கோ இங்கிலீஷோ படிக்க வராவிட்டால் எனக்கு அனுப்புங்கள், நான் படித்துச் சொல்கிறேன். லஞ்சம் என்று எழுதிய அண்ணன் அந்தப் பதிவை எடுத்துவிடட்டும்.