துப்பாக்கி கொடுக்கப்படாதவர்களுக்கும் அந்தக் கப்பலில் இடம் வேண்டும்

போன வாரம் அத்தை ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "உன் தாத்தாவோடதுப்பா. எனக்கு அப்புறம் இதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டாங்க. நீ வச்சுக்கோ."

உள்ளே இரண்டு பதக்கங்கள். ஒன்று ஆறு முனை நட்சத்திரம். மற்றது வட்டமானது: ஒரு பக்கம் ஆப்பிரிக்க வரைபடம், மறுபக்கம் துள்ளி ஓடும் ஸ்பிரிங்பக் மான். ஜன்னலோரம் போய் விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். தாத்தாவின் படை எண் இருந்தது. எண்ணுக்கு முன்னால் ‘எம்’ என்று ஓர் எழுத்து. இரண்டாம் உலகப்போரில் இந்தியர், மலாய்க்காரர் பிரிவுக்கு இட்ட எழுத்து அது. கறுப்பினத்தவருக்கு ‘என்’. கலப்பினத்தவருக்கு ‘சி’. வெள்ளி வட்டத்தில்கூடப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

தாத்தா வட ஆப்பிரிக்காவில் லாரி ஓட்டினார். குண்டு விழும் சாலையில் தண்ணீரும் வெடிமருந்தும் ஏற்றிப் போனார். ஆனால் கையில் துப்பாக்கி கொடுக்கவில்லை. வெள்ளையரல்லாதவர் கையில் துப்பாக்கி கூடாது என்பது அன்றைய தென்னாப்பிரிக்க அரசின் முடிவு.

முன்னாள் படைவீரர்களைக் குடும்பத்தோடு ஒரு பழைய கப்பலுக்கு அழைத்து, ஊரே சேர்ந்து மரியாதை செய்யும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. நம்ம டர்பனிலும் அது நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்குப் போர்ட் நேட்டால் கடல்சார் அருங்காட்சியகத்தை விடப் பொருத்தமான இடம் வேறு இல்லை. சின்ன வயதில் அங்கே எஸ்ஏஎஸ் டர்பன் கப்பலில் ஏறியிருக்கிறேன். 1957-ல் இங்கிலாந்தில் கட்டிய, கடலில் கண்ணிவெடி அகற்றும் கண்ணிவாரிக் கப்பல். போர்க்கப்பல் என்றால் இரும்பு என்று நினைத்திருந்த எனக்கு அது மரக்கப்பல் என்றதும் நம்பவே முடியவில்லை. இரும்பாக இருந்தால் காந்தக் கண்ணிவெடி வெடித்துவிடும், அதனால்தான் மரப்பலகை. அதைத் தடவிப் பார்த்தது இன்னும் கையில் இருக்கிறது.

இதே துறைமுகத்துக்குத்தான் 1860 நவம்பர் 16-ல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்தது, 342 பேரோடு. அப்படிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர், 1899-ல் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டபோது, தூக்குப் படுக்கை சுமக்கப் போனார்கள். காந்தி சேர்த்த அந்தப் படையில் ஏறத்தாழ 1,100 பேர். அவர்களில் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். காயம்பட்ட சிப்பாய்களைத் தோளில் சுமந்து ஒரே நாளில் 20 மைலுக்கு மேல் நடந்தார்கள். பதக்கம் வந்தது தலைவர்களுக்கு. சுமந்த தோள்களின் பெயர் நம் பிரேயர்களிலும் இல்லை, பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இல்லை.

ஜாப் மசெகோவை நினைத்துப் பாருங்கள். 1942 ஜூன் 21-ல் வட ஆப்பிரிக்காவில் டோப்ரூக் நகரம் எதிரியிடம் விழுந்தபோது பிடிபட்டவர். அவரும் துப்பாக்கி கொடுக்கப்படாத கறுப்பினப் பிரிவுக்காரர்தான். எதிரியின் கப்பலில் சாமான் இறக்க வைத்தார்கள். மனுஷன் ஒரு பால் டின்னில் வெடிமருந்தை அடைத்துப் பெட்ரோல் பீப்பாய்களுக்கு நடுவே வைத்துவிட்டு வந்தார். கப்பல் மூழ்கியது. பிற்பாடு நம் கடற்படை ஒரு போர்க்கப்பலுக்கு அவர் பெயரையே வைத்தது.

சிக்கலான பேச்சுக்கு வருகிறேன். 1970-களில் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று ஜல்சேனா என்ற கடற்படைப் பயிற்சித்தளம் வந்தது. நம்ம பையன்கள் பலர் அங்கே சேர்ந்தார்கள். அதே காலத்தில் டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வர்த்திலிருந்து சிலர் எல்லை தாண்டி, நிறவெறி அரசை எதிர்த்த விடுதலைப் படையில் சேர்ந்தார்கள், சிலர் திரும்பவே இல்லை. "நிறவெறி அரசுக்குச் சல்யூட் அடிச்சவங்களை எப்படி அதே கப்பல்ல ஏத்துவே?" என்று ஒரு மாமா என்னிடம் கோபமாகவே கேட்டார். அவர் கோபம் நியாயம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் 2011-ன் முன்னாள் படைவீரர் சட்டம் அரசுப் படை, விடுதலைப் படை என்று பிரிக்காமல் இரு தரப்பையும் படைவீரர் என்றே ஏற்கிறது. 1994-க்குப் பிறகு இரு தரப்பும் ஒரே சீருடையில் வேலை பார்த்தவர்கள். ஜல்சேனாவில் சேர்ந்த பையன் ஏன் சேர்ந்தான், வீட்டில் என்ன நிலைமை என்று அவன் வாயால் கேட்க வேண்டும். எல்லை தாண்டியவனின் தாய் எத்தனை ராத்திரி கதவைத் தாழிடாமல் உட்கார்ந்திருந்தாள் என்றும் கேட்க வேண்டும். இதை ஒரே தளத்தில், ஒரே டீயோடு உட்கார்ந்து பேசாவிட்டால் இனி பேசவே ஆள் இருக்காது. பலருக்கு எழுபது தாண்டிவிட்டது.

பிப்ரவரி 21 நம் நாட்டில் ஆயுதப்படை நாள். 1917-ல் மெண்டி கப்பல் மூழ்கி 600-க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் இறந்த நாள் அது. அவர்களும் துப்பாக்கி கொடுக்கப்படாத தொழிலாளர் படைதான். அந்த நாளைத்தான் கேட்கிறேன். கப்பலில் ஏற வழியில்லை என்றால் பக்கத்துக் கரையிலாவது நடத்துவோம். பெரிய மேடையெல்லாம் வேண்டாம். பெயர்களை வாசிக்க ஒருவர், பீரோவில் கிடக்கும் பதக்கங்களை எடுத்துவர நூறு குடும்பம், அது போதும்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். "கப்பல் ஏணி செங்குத்தா இருக்குமே, நான் எப்படி ஏறுவேன்?" என்று கேட்டார். நட்சத்திரத்தை மட்டும் டின்னிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார். ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்வேன். மறுபக்கம் பிடிக்க ஒருவர் வேண்டும், வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.