தொட்டிப்பாலத்தில் முதல் செலவு கீழ்க்கண்ணுக்கு

வாலாஜா பக்கம் பாலாற்றில் 1858ல் கட்டிய அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி என்று நாலு கால்வாய் பிரிகிறது. தூர்வாரும் பேச்சு வந்தால் எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்கிறோம். கானாறு, அதாவது மழைக்கு ஓடும் காட்டாறு, குறுக்கிடும் இடத்தை யாரும் கேட்பதில்லை. ஏரிக்குப் போகும் எந்தக் கால்வாய்க்கும் உயிர்நிலை அங்கேதான். கால்வாயைத் தொட்டியில் ஏந்திக் கானாற்றைக் கீழே விடுவதுதான் தொட்டிப்பாலம். அதற்கு வரும் முதல் ரூபாய், கீழே தூண்களுக்கு நடுவே கானாறு போகும் வழிகளான கண்களுக்குப் போகணும். தொட்டித் தண்ணீரை மதகில் அளந்து விடுகிறோம், கானாற்றுக்கு ஏது மதகு?

உத்தரப் பிரதேசத்தில் கீழ் கங்கைக் கால்வாய் காளி நதியைத் தாண்டும் நத்ரையில் முதலில் 35 அடி அகலத்தில் 5 கண் விட்டார்கள். 1885 ஜூலை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 1889ல் திரும்பக் கட்டி முடித்தபோது 60 அடியில் 15 கண். 175 அடி வழி 900 அடியானது!

கானாற்றுக்கு எவ்வளவு அகலம் விடணும் என்று கணக்கிட லேசி சூத்திரம் இருக்கிறது, சுலபம். விநாடிக்கு எத்தனை கன அடி வெள்ளமோ, அதன் வர்க்கமூலத்தை 2.67ஆல் பெருக்கினால் வண்டல் மண்ணில் வேண்டிய அகலம் அடிக்கணக்கில் வரும். 400 கன அடிக்கு 53 அடி. பாறைத் தரையில் குறைக்கலாம். ஆனால் ரெண்டு குழாயைப் புதைத்துவிட்டுப் போனால், வேலிகாத்தான் முள் ஒரு கட்டு வாயில் சிக்கினாலே போதும், வெள்ளம் ஏறிக் கரையை அறுத்துவிடும். தொட்டி மட்டும் நடுவில் தனியாக நிற்கும்.

அடுத்த பலவீனம் தொட்டிச் சுவரும் மண்கரையும் சேரும் இடம். சுவரை ஒட்டியே நீர் கசியும். தெளிவாக வந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தால் கரை உள்ளே அரிக்கிறது, அன்றைக்கே தலைமதகை மூடணும். குறுக்குச் சுவரைக் கரைக்குள் நீட்டி, களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, நனைத்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கணும். பொக்லைன் ஒரே தள்ளாகத் தள்ளிய மண் நிற்காது.

பழைய சுண்ணாம்புக் கட்டடத்தில் அரசங்கன்றை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுத்து, சுண்ணாம்புக் காரையாலேயே இடுக்கை அடைக்கணும். சிமெண்ட் பூசினால் உள்ளே ஈரம் நின்று பூச்சு பாளமாகக் கழன்று விழும்.

புரட்டாசிக்குள் கண்களின் ரெண்டு பக்கமும் முள்ளை வெட்டிவிட்டு, தூணடியில் அஸ்திவாரக் கல் வெளியே தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். தெரிந்தால் கானாறு பள்ளமாகிவிட்டது. கருங்கல் கொட்டித் தரையைக் கட்டிய பிறகுதான் மேலே தொட்டியில் கை வைக்கணும்.