இனிஷியலில் இருக்கிறது பூர்வீகம்

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் போடும் சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. நல்ல முடிவு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பட்டம் போனதால் பூர்வீகம் தெரியாமல் போய்விட்டது என்று சிலர் புலம்பும்போது கோபம் வருகிறது. நம் பூர்வீகம் இருந்தது இனிஷியலில். அதைத்தான் நாம் கவனிக்காமல் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

என் அப்பாவுக்கு இரண்டு இனிஷியல். முதலில் ஊர், அடுத்து தாத்தா பெயர். சென்னையில் எங்களைப் பள்ளியில் சேர்த்தபோது ஊர் எழுத்து விடுபட்டது. என் பையனுக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது அவன் அப்பா பெயரே சர்நேம் ஆகிவிட்டது. மதுராந்தகம் பக்கத்துக் கிராமம் ஒன்று இப்போது எங்கள் வீட்டில் யார் பெயரிலும் இல்லை.

பழைய கிரயப் பத்திரம் இருப்பவர்கள் எடுத்துப் படியுங்கள். ஜில்லா, தாலுகா, கிராமம், இன்னார் குமாரர் இன்னார் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். ஒரு சிக்கல் உண்டு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். அதனால் ஒரு பத்திரத்தில் ‘முத்துசாமி குமாரர் ராமசாமி’ என்றிருக்கும், அடுத்ததில் ‘ராமசாமி குமாரர் முத்துசாமி’ என்றிருக்கும், மூன்றாவதில் மறுபடியும் பழையபடி வரும். பெயரை மட்டும் நம்பினால் தாத்தாவும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். பத்திரத்தின் வருஷம், சர்வே நம்பர், நான்கு எல்லை, சாட்சிக் கையெழுத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் பிடிபடும்.

கடல் கடந்து போனவர்கள் கதை வேறு. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் கூலி ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போனது. அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு கோவெண்டர் (நம் கவுண்டர்), மூட்லி (நம் முதலியார்), படையாச்சி, நாயுடு என்று இங்கே நாம் கைவிட்ட பட்டங்களே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டன. அந்தப் பட்டத்தை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது; ஒரே பட்டம் எத்தனையோ ஜில்லாக்களில் இருக்கிறது. அவர்கள் தேடிப் போவது கப்பல் பதிவேட்டைத்தான். ஆளுக்கு ஒரு எண், வயது, தகப்பன் பெயர், ஜில்லா, கிராமம் என்று அதில் பத்தி பிரித்து எழுதியிருக்கிறார்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்துத் தமிழ்நாட்டு வரைபடத்தில் தேடுகிறார்கள்.

இதில் என்னை மிகவும் பாதித்த விஷயம் ஒன்று. அந்தப் பதிவேட்டில் பெண்களுக்கும் தகப்பன் பெயருக்கு இடம் இருக்கிறது. இங்கேயே இருந்த என் பாட்டிக்கு ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் எல்லாவற்றிலும் ‘க/பெ’ மட்டும்தான். பிறந்த ஊரும் அப்பா பெயரும் எதிலும் கிடையாது. வம்சாவளி என்று வீடுகளில் வரைந்து மாட்டும் மரத்திலும் ஆண் பெயர்களே தொங்குகின்றன. பாதிப் பேரை விட்டுவிட்டு வரைந்ததை வம்சாவளி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘நாங்க எந்த பரம்பரை தெரியுமா’ என்று மார்தட்டுவதற்காகத் தேடுகிறவர்களோடும் எனக்கு ஒட்டாது. விட்ட பட்டத்தைக் கொல்லைப்புறம் வழியாக வீட்டுக்குள் கொண்டுவரும் வேலை அது.

அடுத்த முறை கல்யாண மண்டபத்தில் அம்மா வழிப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால், அவர்களுடைய அம்மா பெயர், அந்த அம்மா பிறந்த ஊர், குலதெய்வம் எந்த ஊரில், மூன்றையும் கேளுங்கள். இனிஷியலாகச் சுருக்காமல் முழுசாக எழுதி, யார் சொன்னார்கள், என்றைக்குச் சொன்னார்கள் என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.