சின்ன பிரேக்காம், சின்ன பிரேக்!

பாட்டுப் போட்டியில் எலிமினேஷன் நாள் வந்தால் போதும், எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடுகிறது. "இந்த வாரம் வெளியேறப் போவது..." என்று தொகுப்பாளர் இழுப்பார். டமார்! நடுவர் முகம். டமார்! அம்மா முகம். சும்மா வேடிக்கை பார்க்க வந்த தாய்மாமா முகம்கூட வந்துவிடும், பெயர் மட்டும் வராது. "ஒரு சின்ன பிரேக்குக்குப் பிறகு!"

சின்ன பிரேக்கா அது? ரசம் வைத்து அப்பளமும் பொரித்துவிடலாம். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாதென்று கேபிள் டிவி விதியே இருக்கிறது. யார் வீட்டுக் கடிகாரத்தில் 12 நிமிடமோ!

சரி, திரும்பி வந்தார்களே, பெயரைச் சொல்வார்களா? மறுபடி முதலிலிருந்து "இந்த வாரம்..." பாடிய குழந்தை பிரமாதமாகத்தான் பாடியது. இரண்டாவது சரணத்தை வெட்டிவிட்டு, அவள் அப்பா பட்ட கடனைச் சோக வயலினோடு காட்டினால் நான் பாட்டை எங்கே கேட்பது? கடைசியில், "இந்த வாரம் எலிமினேஷன் இல்லை!" எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். நான் எதற்கு ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்திருந்தேன்?

அணைக்கலாம் என்று ரிமோட்டை எடுத்தால் அடுத்த வார ப்ரோமோ. நடுவர் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போகிறார். ஏன் போகிறார்? யார் என்ன சொன்னார்கள்? இனி சனிக்கிழமை வரை எப்படித் தூங்குவது?